பாதாம் மரம் குடித்த தண்ணீர்

போன வாரம் மல்லிகாவை அழைத்துக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போயிருந்தேன். மல்லிகா என் பள்ளித்தோழி. திருநீர்மலைக்காரி. இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. அதற்குள் இரண்டு கிட்னியிலும் கல்.

"தண்ணி நிறைய குடிக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"தாகம் எடுத்தா குடிப்பேன் மேடம்."

"எப்ப எடுக்கும்?"

"வூட்டுக்குப் போனப்புறம்தான்."

டாக்டர் விழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. எங்கள் ஸ்கூலில் பெண்களுக்கு ஒரே டாய்லெட். தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனால் மூக்கைப் பிடிப்பதா, கதவைப் பிடிப்பதா? அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி - சாயங்காலம் மணி அடிக்கும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. ஸ்கூல் வாசலில் மாங்காயை மிளகாய்த்தூளில் புரட்டித் தின்போம். நாக்கு எரியும். அப்போதும் ஒரு சொட்டு இறங்காது. கொண்டுபோன தண்ணீர் பாட்டில் காலியாகாமல் திரும்பினால் வீட்டில் திட்டு விழுமே... கிரவுண்ட் ஓரத்துப் பாதாம் மரத்தடியில் வரிசையாக நின்று ஊற்றிவிட்டுக் கிளம்புவோம். அப்படியொரு செழிப்பு அந்த மரம்! உதிரும் காய்களுக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஏக்கமாகவும் இருக்கிறது.

ஸ்கூல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. மல்லிகா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். காலையில் தாம்பரத்தில் ட்ரெயின் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்க வேண்டும் - அந்த ஆளிடம் எந்தப் பெண் கேட்பாள்? பிறகு கல்யாணம். மாமனார் வீட்டில் கக்கூஸ் கொல்லைக்கோடியில். போகிற வழியில் ஆண்களின் சீட்டுக்கச்சேரி...

கல் ஒரே நாளில் வருமா? இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது.

வெளியே வந்ததும் மல்லிகா சொன்னாள்: "எனக்கு ஆனது ஆயிடுச்சு. என் பொண்ணுக்கு வராம பாத்துக்கினா போதும்டி. நல்லவேள, அவ தெனமும் பாட்டிலக் காலி பண்ணிட்டுதான் வரா."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் மகளைத் தனியே பிடித்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"ஏண்டி, உங்க ஸ்கூல்ல மரம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. வேப்பமரம்..." என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்ரூம் ரொம்ப நாறும் ஆன்ட்டி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டேன். நாளைக் காலை நானும் மல்லிகாவும் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கப் போகிறோம்.

மரத்துக்கு மழை போதும்.