டெல்பினின் தொட்டி

பாகலூர் டெல்பினுக்குத் தவளை என்றால் உயிர். சின்ன வயதில் சோற்று டப்பாவில் தலைப்பிரட்டை கொண்டுவந்து அடி வாங்கியவள், கல்யாணமாகி வந்ததும் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டித் தவளை வளர்த்தாள். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில், தவளைகள் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று எதிர்வீட்டு முனிவேல், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினான். அத்தனையும் செத்து மிதந்தன. போய்க் கேட்டதற்கு, "தவளைதானேக்கா" என்று சிரித்தான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஏரியிலிருந்து தலைப்பிரட்டை அள்ளிவந்து மறுபடி வளர்த்தாள்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்துவைப்பதென்று ஊரில் முடிவானது. ஏரியோ வறண்டு கிடந்தது. தவளை இருந்தது டெல்பினின் தொட்டியில் மட்டும்தான். வெற்றிலை பாக்குத் தட்டோடு அவள் வாசலில் வந்து நின்றான் முனிவேல்.

"ஒரு ஜோடி குடுங்கக்கா. மஞ்சள் பூசி, மாலை போட்டு, மரியாதையா பண்றோம்."

டெல்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு? மழை வந்தா இதுங்க கத்துமேடா. அப்ப எதக் கொண்டாந்து கொட்டுவ?"