பொத்தானை அழுத்தித் தள்ளிய மாஸ்டர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் கட்டிங் மாஸ்டர். இருந்தும் வாசலில் ஆளைப் பார்த்தாலே தோள் அளவைச் சொல்லிவிடுவார். சொந்தக் கடை, வரிசையாகத் தையல் மிஷின்கள், எல்லாம் அவர் கத்தரிக்கோல் சம்பாதித்தவை. அப்படிப்பட்ட மனிதருக்குக் கன்னத்தில் சிவந்த தடிப்பு வந்து, கண்ணாடியைப் பார்த்தாலே குமட்டியது.

தோல் டாக்டர், மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரையையே இதற்கும் எழுதினார். தடிப்பு அடங்கியது. "இது கண்ணைக் கெடுக்கலாம், வருஷா வருஷம் கண்ணைக் காட்டணும்" என்று அவர் சொன்னதை மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மருந்துக்கடைக்காரனும் சீட்டுக் கேட்காமல் அட்டை அட்டையாக நீட்டினான். வருஷங்கள் ஓடின.

இப்போது ஊசிமுனை பளிச்சென்று தெரிகிறது. அதைச் சுற்றி நூலும் சாக்பீஸ் கோடும் காணாமல் போகின்றன. மனைவிதான் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள்.

கண் சோதிக்கும் மிஷினில், யார் யாரோ முகம் வைத்துப் பிசுக்கேறிய தாங்கியில் தாடையை வைக்கச் சொன்னார்கள். த்தூ! பரிசோதனை செய்யும் பெண் ஒரு கண்ணை மூடிவிட்டுப் பொத்தானைக் கையில் கொடுத்தாள்.

"நடுவுலயே பாருங்க ஐயா. சுத்தி வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க."

பரீட்சையா? அதில் தோற்பதா? மாஸ்டர் மிஷின் மிதிக்கிற தாளத்தில் அழுத்தித் தள்ளினார்.

அந்தப் பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "புள்ளியே வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மிஷின் பழசும்மா, மாத்துங்க."

மனைவி சீறினாள். "யாரை ஏமாத்துறீங்க? கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கும் அதே மாத்திரையை முழுங்குவீங்க. அப்புறம் ஒரு கைக்குட்டைகூட வெட்ட முடியாது, பாத்துக்கோங்க!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். மாஸ்டருக்குத் தாங்கியைவிட, பொய்யாக அழுத்திய தன் கட்டைவிரல்மேல் அருவருப்பு வந்தது.

"தாங்கியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பரீட்சை வைம்மா."

இம்முறை தெரிந்தால் மட்டும் அழுத்தினார். வெகுநேரம் விரல் சும்மாவே கிடந்தது.

கண் டாக்டர் விழித்திரையையும் படமெடுத்துப் பார்த்தார். நடுவைச் சுற்றி வளையமாகச் சேதம்.

"மாத்திரை பண்ணின வேலை. தோல் டாக்டர்கிட்ட பேசிட்டேன், இன்னியோட நிறுத்திடுங்க. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்."

"தடிப்பு திரும்ப வந்துடுமே?"

"வரலாம். அதுக்கு வேற மருந்து குடுப்பாங்க."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்த அட்டையை எடுத்து மனைவியின் கையில் திணித்தார்.

"தொடவே கூசுது. நீயே குப்பையில போடு. மூஞ்சி எக்கேடு கெட்டா என்ன!"