வலக்கண் படமும் இடக்கண் படமும்

புரொஜெக்டர் பல்பின் சூட்டில் தூசி கருகும் அந்த வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால், இந்த வயதிலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. மயிலாப்பூர் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த என் அப்பாவிடம் இரண்டு லென்ஸ் வைத்த கேமரா ஒன்று இருந்தது. ஒரே நொடியில் வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுக்கும்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் எதிரே வந்து நிற்பார். எங்கள் வீட்டில் அதற்கு "ஜோடி" என்று பெயர்.

ஜோடிகளை அப்பா "நீளச் சட்டத்தில்" வைத்திருந்தார். ஒரே அட்டையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இடம் மாறவே மாறாது. ஆனால் கண்ணில் வைத்துப் பார்க்கும் "கண்பெட்டி"யில் அட்டையைச் செருகி ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். அம்மா இறந்த வருடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் காட்டலாமா என்று அப்பாவுக்கு யோசனை வந்தது. அதற்கு ஒவ்வொரு படத்தையும் தனிச் சதுரச் சட்டத்தில் போட்டு, இரண்டு புரொஜெக்டரில் ஓட்ட வேண்டும். எந்தச் சட்டம் என்று ஒரு வாரம் தனக்குள்ளேயே மல்லுக்கட்டிவிட்டு, "ஒத்தை ஆளா பாத்தது போதும்மா. அவளை எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் வலதுக்கு ஒரு தட்டு, இடதுக்கு ஒரு தட்டு வைத்துக்கொண்டு, நீளச் சட்டங்களைப் பிரித்து ஃபிலிம் துண்டுகளை அவற்றில் போட்டார். கடைசி ஜோடியில் அம்மா சமையலறை வாசலில் நின்று, கேமராவை நோக்கிக் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிட அப்பா வாசலுக்குப் போனார். அம்மாவைப் பார்க்கும் ஆசையில் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பதறிப்போய்த் தட்டுகளில் போட்டுவிட்டேன். எது எதில் என்று பார்க்கவில்லை. மற்ற ஜோடிகளை எல்லாம் இரண்டு முறை சரிபார்த்த அப்பா, அந்த ஒன்றை மட்டும் பார்க்க மனசில்லாமல் அப்படியே சட்டத்தில் ஒட்டினார்.

மண்டபத்தில், ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை மட்டும் காட்டும் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படம் வலது இடது மாறி விழுந்தது. முன்னால் வரவேண்டிய கல்கல் தட்டு உள்ளே போனது. பின்சுவர் முன்னால் வந்து நின்றது. சுவரில் அம்மாவின் உருவத்தில் ஒரு பள்ளம். அதன் அடியிலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் இது, உங்க வூட்டம்மா செவுத்துக்குப் பின்னால கீறாங்க?" என்றார் மண்டபத்து வாட்ச்மேன்.

இரண்டு சட்டங்களையும் மாற்றிப் போட ஒரு நிமிடம் ஆகாது. அப்பா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "என் கையில நிதானம் போச்சும்மா. எடது வலதே தெரியல" என்றார். பொங்கலுக்குள் கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்பா ஃபிலிம் கழுவக் கொடுத்த தி.நகர் கடையில் மொபைல் உறை விற்கிறார்கள். அடையாறில் கண்காட்சி வைக்கும் நண்பர்கள் போன வாரம் அப்பாவின் படங்களைக் கேட்டு, எந்தச் சட்டத்தில் தருவீர்கள் என்றார்கள். நீளச் சட்டம் என்றேன். அம்மாவின் ஜோடியை நானே இடம் மாற்றி ஒட்டினேன், ஐந்து நிமிட வேலை. அம்மா சரியாக முன்னால் வந்தாள். அப்பா சாகும்வரை தன் கையைத்தான் குற்றம் சொன்னார்; பக்கத்திலேயே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.