சர்க்கரை மறந்த நாற்பது புட்டிகள்

ஆர்கிட் செடி வளர்க்கும் ஆய்வகத்தில் என் மனைவிக்கு வேலை, புட்டி கழுவுவதும் விதைக்குக் கூழ் காய்ச்சுவதும். பதினோரு வருடத்தில் ஒரு புட்டி உடைத்ததில்லை. நான் பஸ் ஓட்டுகிறேன். பக்கக் கண்ணாடி மட்டுமே நான்கு உடைத்தாயிற்று. அதனால் வேலைத்திறமை பற்றி எங்கள் வீட்டில் நான் வாய் திறப்பதில்லை.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். ஓர் அபூர்வ ஆர்கிட்டின் ஒரே காய் வந்த அன்று, நாற்பது புட்டிக் கூழிலும் சர்க்கரை போட மறந்துவிட்டாள். ஆர்கிட் விதை தூசியளவு. உள்ளே தீனி கிடையாது. கூழில் சர்க்கரை இல்லையென்றால் பட்டினிதான். விதையைக் கூழில் தூவி மூன்று மாதமாகியும் எதுவும் முளைக்கவில்லை. இவளே ஆய்வகத் தலைவி மேடத்திடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கங்கம்மா. புட்டிய எல்லாம் கழுவி வச்சிடுங்க" என்றார் மேடம்.

கழுவ எடுத்தபோது மூன்று புட்டிகளில் வெள்ளைப் பூஞ்சை. அப்படி வந்தால் திறக்காமல் நீராவி அடுப்பில் அவித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பூஞ்சை இழைகளுக்கு நடுவே, கடுகைவிடச் சிறிதாகப் பச்சைப் புள்ளிகள்.

"கெட்டுப்போன புட்டிய எதுக்குப் பாக்கறீங்க? அவிச்சிடுங்க."

என் மனைவி பிடித்த முயலுக்கு மூன்றே கால். "அவிக்கறேன் மேடம். ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இத கீழ வைக்க மாட்டேன்."

மேடம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி பார்த்தார்.

காயோடு ஒட்டி வந்த வேர்த்துணுக்கின் பூஞ்சையாம் அது. காட்டில் இந்த விதைக்குச் சோறூட்டுவதே அதுதானாம். யுகயுகமாகச் சேர்ந்து வாழ்ந்ததில், விதை கட்டுச்சோறு கட்டுவதையே விட்டுவிட்டது. செடி வளர்ந்து இலை விட்டபின், தான் சமைத்ததில் பூஞ்சைக்கும் ஒரு பங்கு கொடுக்குமாம்.

"சர்க்கரை போட்டிருந்தா பூஞ்சை கொழுத்து விதையவே மூடியிருக்கும்" என்றார் மேடம்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை லீவெல்லாம் போட்றாதீங்க. மீதி முப்பத்தேழுலயும் இந்தப் பூஞ்சைய வைக்கணும். நீங்கதான் வைக்கணும்."

வைத்தாள். முப்பத்தேழும் பச்சை பிடித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் என் பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் இறங்கவில்லை.

நேற்று டீயில் சர்க்கரை இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தேன். இவள் மறந்ததில் குறை சொல்ல நான் யார்?