புளியங்குளத்து வளைவில் நான் விழுந்தது

மோட்டார் சைக்கிள் ஓடுவதில் என்னை வெல்லக் கிளிநொச்சியில் ஆளில்லை என்று நான் சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் என் ஆலையில் நெல் குத்துகிறவர்கள் என்பது வேறு விடயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உருத்திரபுரத்தில் அடுத்தவன் வயலில் கூலிக்குக் கதிர் சுமந்தேன். பிறகு ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டிக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டேன். இன்றைக்குச் சொந்த ஆலை, சொந்த லொறி. இதில் எதையும் ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

லொறி வந்த பிறகும் மோட்டார் சைக்கிளை நான் விடவில்லை. லொறியில் போகும்போது சனம் விலகி நின்று பார்க்கும். மோட்டார் சைக்கிளில் போனால் வீட்டுக்கு வீடு படலையில் மறித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லும். வயலில் என்ன நோய், யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தப் பக்கம் யானை இறங்கியது எல்லாம் அப்படித்தான் என் காதுக்கு வருகின்றன. அது இல்லாவிட்டால் நான் ஆலைக்குள் ஒரு கதிரையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அதற்குத்தான் போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு ஆபத்து வந்தது. அக்கராயன் வாய்க்கால் கரையில் ஓர் ஆட்டுக்கு விலத்தப்போய் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டேன். தண்ணீர் முழங்கால் மட்டுந்தான். ஆனால் செய்தி எனக்கு முன்னரே வீட்டுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டது. அப்பா இனி ஓடக்கூடாது, அதை விற்றுவிடுங்கள் என்று அங்கிருக்கிற பிள்ளைகள் தாயிடம் சொன்னார்கள். என் மனைவி நியாயமானவள். உடனே விற்கச் சொல்லவில்லை.

"இன்னும் ஒருக்கா விழுந்தீங்கள் எண்டால் திறப்பை என்னட்டத் தந்துபோட வேணும். பிறகு ஒரு கதையும் இல்லை," என்றாள்.

சாவியைக் கொடுக்க நான் சம்மதித்தேன். விழப்போகிறவன்தானே யோசிக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ரயர் கடைச் சுவரில் ஒரு விளம்பரம் கண்டேன். புளியங்குளத்துக்கு உட்பக்கமாக ஒரு முதலாளி தன் காணிக்குள் தார் போட்டு, வளைவுகள் வைத்து, மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கென்றே ஒரு தளம் அமைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வந்து நாள் முழுக்கச் சுற்றலாம், பழக்கியும் விடுவார்களாம். பழகுவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் நான் பெடியன்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுவதை மனைவி தன் கண்ணால் பார்த்தால் கனடாவும் வாயை மூடும் என்று கணக்குப் போட்டேன். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள்.

வாசலில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பரிசோதித்து உள்ளே விட்டது ஒரு பெண்பிள்ளை. வவுனியாக்காரி, அங்கே பழக்குகிறவளும் அவள்தான். என் இளைய மகளின் வயது இருக்கும். வலது கைப்பிடியில் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினாள். அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஐயா, முன் பிரேக் எங்க?"

"கழட்டிப்போட்டன் பிள்ளை. எங்கட றோட்டுக்கு அது சரிவராது."

அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நாங்கள் ஓடப் பழகிய காலத்தில் வன்னியில் எங்கே தார் இருந்தது? எல்லாம் கிரவல் கல்லும் மணலும். கிரவலில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லு சறுக்கி ஆள் முகங்குப்புறப் போவான். குளக்கட்டில் அப்படிப் பிடித்து முன்பல் இரண்டையும் விட்ட ஒருவர் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார். அதனால் எங்கள் ஆட்கள் காலால் பின் பிரேக்கை மட்டுந்தான் அமத்துவார்கள். சிலர் முன் பிரேக் கம்பியைத் தளர்த்தி விடுவார்கள். நான் கம்பியையும் பிடியையும் கழற்றியே எறிந்தவன். ஆலையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவனுக்கும் முதலில் சொல்வதும் அதுதான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, முன் பிரேக் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றாள். தங்களுடைய சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்குத் தந்தார்கள். பாதுகாப்பு உடுப்பில் மூன்றாவதாகத் தந்ததுதான் என் வயிற்றைத் தாண்டிப் பூட்டுப்பட்டது.

முதலில் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றினோம். பிறகு எங்கள் பாட்டில் ஓட விட்டாள். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! குழியில்லை, நாயில்லை, மாடில்லை. எதிரே ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு நான் ஓடியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தலைக்கவசத்துக்குள் கத்திக் கத்திப் பாடினேன். பெடியன்கள் இரண்டு பேரை முந்தினேன். வளைவுக்கு வெளியே, வேலியோரம், குடையோடு மனைவி நிற்பது தெரிந்தது. அவளுக்கு முன்னால் மூன்றாமவனையும் முந்திக் காட்ட நினைத்து முறுக்கினேன்.

வளைவு நான் நினைத்ததைவிட முன்னுக்கு வந்துவிட்டது. என் வலது கால் தன் பழக்கத்துக்கு ஓங்கி அமத்தியது. கிரவலில் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும். தாரில், அந்த வேகத்தில், சரிந்திருக்கும்போது பின் சில்லு நிற்கவில்லை, பக்கவாட்டில் என்னை முந்திக்கொண்டு வந்தது. அடுத்ததாக நான் தரையில் வழுக்கிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஓரத்துக் கிரவலில் போய்த்தான் நின்றோம்.

கொடி காட்டி மற்றவர்களை நிறுத்தினார்கள். மனைவி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். குனிந்து தலைக்கவசத்துக்குள் பார்த்தாள்.

"எழும்பேலுமோ?"

"ஓம்."

"அப்ப திறப்பைத் தாங்கோ."

என் மோட்டார் சைக்கிளின் திறப்பு காற்சட்டைப் பையில் இருந்தது. முழங்கை எரிந்தது, இடுப்பு நொந்தது. அதையெல்லாம் விட அந்தத் திறப்பை எடுத்துக் கொடுத்ததுதான் நோவு. இனி ஆலைக் கதிரைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்கைக்கு மருந்து கட்டிய பிறகு அந்தப் பிள்ளை என்னை வளைவுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். மனைவியும் குடையோடு வந்தாள். தாரில் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது. இது பின் சில்லு இறுகி இழுபட்ட கோடு, முன் சில்லின் கோடு எங்கேயாவது தெரிகிறதா பாருங்கள் என்றாள். தெரியவில்லை. நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது, அதை நீங்கள் தொடவே இல்லை என்றாள். நான் வாய் திறக்க முன்னர் மனைவி கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இவர் எப்பவும் இப்பிடித்தான் பிள்ளை. காலை வைச்சாரெண்டால் பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும். கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறன். மோட்டார் சைக்கிள் எண்டால் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்கு இது புதுச் செய்தி. பின்னால் சுகமாக இருந்து வருகிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளை," என்றாள் மனைவி. "இவர் இனி ஓடலாமோ, ஓடக்கூடாதோ?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். "ஐயா விழுந்தது வயசால இல்லை அம்மா, காலால. கையைப் பழக்கினா ஓடலாம்."

"அப்ப பழக்குங்கோ. நான் பஸ்ஸில போறதோ இவருக்குப் பின்னால ஏறுறதோ எண்டு பின்னேரம் சொல்லுறன்."

பிட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கினோம். நேரான பாதையில் ஓடி, இரண்டு விரலால் முன் பிரேக்கை மெல்லத் தொட்டு, பிறகு இறுக்கி நிறுத்த வேண்டும். என் விரல்கள் அந்தப் பக்கமே போக மறுத்தன. பல் போன அந்த மனிதர் கண்ணுக்கு முன்னால் நின்றார். கிரவலில் என்ன செய்வது என்று மறித்துக் கேட்டேன். நேராகப் போகும்போது, இன்னும் மெல்லத் தொடுங்கள், பறித்துப் பிடிக்காதீர்கள் என்றாள். அவரும் பறித்துப் பிடித்திருப்பார் என்று அப்போதுதான் பட்டது.

கண்ணை இறுக்கிக்கொண்டு ஒருமுறை பிடித்தேன். முன்பக்கம் எருமை தண்ணீருக்குக் குனிவதைப்போலக் குனிந்தது. பாரம் முழுவதும் முன் சில்லில் போய் ஏறியதை என் கையிலேயே உணர்ந்தேன். பாரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, மூட்டை சுமந்தவன் நான். பாரம் ஏறிய கால்தான் ஊன்றி நிற்கும், சும்மா இருக்கிற கால்தான் வழுக்கும். இவ்வளவு காலமும் பாரமில்லாத காலில் நிற்கப் பார்த்திருக்கிறேன்! அதன் பிறகு விரல்கள் சொன்னபடி கேட்டன. இவ்வளவு கெதியாக ஒருவரும் பழகியதில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னாள். எல்லாருக்கும் சொல்கிறதாகவும் இருக்கலாம். நான் நம்பினேன்.

கடைசிச் சுற்றுகளில் அதே வளைவு வந்தது. நேராக இருக்கும்போதே கையால் வேகத்தைக் குறைத்து, பிறகு சரித்தேன். உள்ளே போகும்போது மெதுவாகப் போவதாகப் பட்டது. வெளியே வரும்போது பார்த்தால், காலையில் முந்த முடியாத அந்த மூன்றாமவன் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

இறங்கி வந்தபோது மனைவி அங்கிருந்த மெக்கானிக்கோடு நின்றாள். என் மோட்டார் சைக்கிளுக்கு முன் பிரேக் கம்பியும் பிடியும் பூட்டி முடிந்திருந்தது. என்னைக் கேட்கவில்லை. திறப்பை நீட்டி, முற்றத்தில் ஓடி நிறுத்திக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சீலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

ஏ-ஒன்பது றோட்டில் மாட்டுப்பட்டி ஒன்று குறுக்கே இறங்கியது. இரண்டு விரலால் தொட்டேன், பிறகு இறுக்கினேன், காலும் அளவாகச் சேர்ந்தது. அசையாமல் நின்றோம். மாடுகள் தங்கள் பாட்டில் கடந்தன. கிளம்பிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "பின்னுக்கு ஒருத்தரும் வரேல்லை. இன்னொருக்காப் பிடியுங்கோ பாப்பம்."

பிடித்தேன். சிரித்தாள். கனகராயன்குளம் தாண்டியும் விடவில்லை, பின்னால் திரும்பிப் பார்ப்பதும் பிடிக்கச் சொல்லித் தோளில் தட்டுவதுமாக வந்தாள். மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்ற சனம், இந்த வயதில் இதுகளுக்கு விசரோ பைத்தியமோ என்று பார்த்துக்கொண்டு நின்றது.