தேதியில்லாத ‘இல்லை’

கல்லறைத் திருநாளன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஓசூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தோழி, மெழுகுவர்த்திகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் காத்திருந்தார். அவருடைய அப்பாவைப் புதைத்தது தர்மபுரிக்கு அருகே எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். சுற்றுச்சுவர் கட்டியபோது ஓரத்து வரிசைக் கற்களை அகற்றிவிட்டார்கள். “அந்தக் கல்லு இல்லீங்க” என்று காவல்காரர் சொன்னதோடு சரி. இடம் தெரியாதவர்கள் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவது வழக்கம். அவரும் வருடாவருடம் அங்கேதான் ஏற்றிவந்தார்.

சுவர் வருமுன்பே அந்தக் கற்களை நான் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்திருந்தேன். பெயர்கள்தாம் தேய்ந்து கிடந்தன. மங்கிய எழுத்தைத் துலக்கும் மென்பொருள் ஒன்று என் பழைய கணினிக்குத் தயாராகக் கிடைக்கவில்லை. மூலநிரலிலிருந்து நானே உருவாக்க வேண்டியிருந்தது.

அதற்குமுன் ஸ்கிரிப்ட் எனும் கட்டளைக் கோப்பு ஒன்று ஓடும். மென்பொருளுக்குத் துணையான நிரல்தொகுப்புகளில், அதாவது லைப்ரரிகளில், எது எது கணினியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். கட்டாயமானது இல்லையென்றால் நின்றுவிடும். ‘இருந்தால் நல்லது’ என்ற வகை இல்லையென்றால், ‘இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போகும். என் படங்களின் டிஃப் வடிவத்தைப் படிக்கும் லைப்ரரி இரண்டாம் வகை. முந்தின நாள் அந்த வரி திரையில் ஓடிப்போனதை நான் கவனிக்கவில்லை. மென்பொருள் உருவானது, படத்தைத் திறக்க மட்டும் மறுத்தது.

லைப்ரரி என்னவோ இருந்தது. ஆனால் ஸ்கிரிப்ட், அதைப் பயன்படுத்தும் குட்டி நிரல் ஒன்றை உருவாக்கிப் பார்த்துத்தான் நம்பும். அதற்கு வேண்டிய, லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெடர் கோப்பு என்னிடம் இல்லை. அதை நிறுவி மறுபடி ஓட்டினேன். ‘இல்லை.’ வாசலுக்குப் போய் வத்தல்மலைப் பக்கம் இறங்கிய மேகத்தைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு முறை ஓட்டினேன். ‘இல்லை.’

“வுடுங்கண்ணா. நான் சிலுவையடியிலயே ஏத்திட்டுக் கெளம்பறேன், பஸ்ஸு போயிரும்” என்று தோழி எழுந்தார்.

“செத்த இரு புள்ள” என்ற என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “உங்க கம்ப்யூட்டரும் அந்தக் காவல்காரரும் ஒண்ணுதானுங்க. தேடிப் பாக்கறதே இல்ல, முன்ன சொன்னதையே சொல்றது.”

தோழி போய்விட்டார். நான் திரையைப் பார்த்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று, சோதனையின் பதில்களைச் சேமித்துவைக்கும்படி முதல்நாள் நானேதான் சொல்லியிருந்தேன். ஸ்கிரிப்ட் சோதிக்கவே இல்லை. நேற்றைய பதிலை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது. சேமித்த கோப்பைத் திறந்தால், எந்த வரிக்கும் எதிரே தேதியில்லை. மளிகைச் சீட்டில்கூடத் தேதி போடுகிறவன் நான், எரிச்சலாக வந்தது. கோப்பை அழித்தேன். இம்முறை டிஃப் கட்டாயம் என்றும் சொல்லி ஓட்டினேன்.

‘இருக்கிறது.’

மென்பொருளை மறுபடி உருவாக்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவது படத்தில் தோழியுடைய அப்பாவின் பெயர் தெளிந்தது. என் குறிப்பில்: வேப்பமரத்துக்கு நேர் கிழக்கே, இரண்டாவது கல். அந்த மரம் இன்னும் நிற்கிறது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சிலுவையடியில் அவர் ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“எந்தப் பக்கங்க?” என்றார்.

கையை நீட்டினேன். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை எடுத்து, காற்றுக்கு உள்ளங்கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, வேப்பமரத்தை நோக்கி நடந்தார்.