கிளியர் கோட்டுக்கு அடியில் ஒரு கிருஷ்ணன்

பழைய படங்களுக்குத் தங்கரேக்கு ஒட்டிப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரகடத்தில் கடை போட்ட முதல் மாதம், பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தஞ்சாவூர் படம் ஒன்றை பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெண்ணெய்க் கிருஷ்ணன் மேல் கெட்டியாக, பழுப்பு மஞ்சளில் ஒரு பூச்சு.

“என்னப்பா அடிச்ச இதுமேல?”

“கிளியர் கோட் மேடம்,” என்றார் கணவர் செல்வம். கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் வேலை. “வண்டிக்கு அடிச்சா பளபளன்னு நிக்கும். படத்துக்கு மட்டும் இன்னா ஆயிடப்போவுதுன்னு நெனச்சிட்டேன்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்படியே நம்பர் பிளேட்டும் மாட்டியிருக்கலாமே!”

மனைவி கலா சிரிக்கவில்லை. படம் அவருடைய அப்பா செய்தது. அப்பா இப்போது இல்லை. கலா பிரசவத்துக்குப் போயிருந்த சமயத்தில் செல்வம் ஆசையாகச் செய்த வேலை இது. பூச்சு மஞ்சளித்த பிறகுதான் கலாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாகக் கணவனோடு பேச்சில்லை. கடையிலும் எதுவானாலும் என்னைப் பார்த்தே சொன்னார்.

மூலையில் அரிசி அளவு இடத்தில் ஜெல் வைத்து, பூச்சை இளக்கி பிளேடால் தூக்கினேன். ரேக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

“மொத்தத்தையும் எடுத்துட்டுப் புது ரேக்கு ஒட்டிடலாம். ஜொலிக்கும்,” என்றேன். செல்வம் முகம் மலர்ந்தது.

“எங்கப்பா ஒட்டுனது எவ்ளோம்மா மிஞ்சும்?” என்று கலா கேட்டார்.

“ஒண்ணும் மிஞ்சாதும்மா.”

“அப்ப வேணாம். மஞ்சளாவே இருக்கட்டும். குடுத்துடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். மதிய வெயில் பட்டதும், பூச்சுக்கு அடியில் பழைய தங்கம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. வெளியே கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம் என்று தெரியவில்லை.

செல்வம்தான் மெல்ல ஆரம்பித்தார். “மேடம், வண்டில தூசி ஒட்டிக்கினா கோட்டை உரிக்க மாட்டோம். வாட்டர் பேப்பர்னு ஒரு உப்புத்தாளு, அதைத் தண்ணி தொட்டுத் தேச்சு மெலிசாக்குவோம்.”

தண்ணீர் பட்டால் ரேக்கைப் பிடித்திருக்கும் கோந்து கரைந்துவிடும். உலர்வாகத் தேய்க்கலாம். ஆனால் ரேக்குக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்த வேண்டும். அந்தக் கைப்பக்குவம் என்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

கலா என் பக்கம் திரும்பினார். “அவரே தேய்க்கட்டும்மா. நான் பக்கத்துல ஒக்காந்துப்பேன்.”

வார லீவு நாட்களில் வந்தார்கள். அந்த மதியங்கள் பாதிக் கனவாகத்தான் நினைவிருக்கின்றன. விரல் நுனியில் சுற்றிய பேப்பரின் மெல்லிய சரசரப்பு, பிரஷ்ஷால் நான் துடைத்தெடுத்த வெள்ளைத் தூள், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்த தங்கம். செல்வம் இரண்டு இழுப்பு இழுப்பார், நிறுத்துவார், கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். கலா அவர் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியாகக் கிரீடம். இன்னும் ஒரு தடவை தேய்க்க அவர் கை போனது.

“போதும்யா, நிறுத்து,” என்றார் கலா. என்னைப் பார்த்து அல்ல.

செல்வம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டார்.

படத்தில் லேசான மஞ்சள் இன்னும் இருக்கிறது. நான் சொன்னபடி செய்திருந்தால், செல்வம் மூடி வைத்ததை நான் துடைத்தே எறிந்திருப்பேன். இப்போதெல்லாம் பிளேடை எடுப்பதற்கு முன்பு, வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: “இதுல எது போகக் கூடாது?”